மூன்றாம் வரிசையில் அடையாளம் தெரியாத நபர்

ஜகதீசன் மூன்றாவது முறையாகக் கை கழுவிக்கொண்டிருக்கிறார். முதல் முறை அழுக்குக்காக. இரண்டாவது முறை எண்ணெய்ப் பசைக்காக. மூன்றாவது முறை சோப்புக்காக. "சோப்பும் அழுக்குதானே தம்பி, கையில ஒட்டிட்டு இருந்தா?" என்பார். பிறகு பழைய மல் வேட்டியில் கிழித்த துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். அந்தத் துணி நூல் உதிர்க்கிறதா என்று கறுப்புக் காகிதத்தின் மேல் உதறிப் பார்த்துத் தேர்வு செய்யப்பட்டது. அதன் பிறகு வெள்ளைக் கையுறை. இவ்வளவும் முடிந்த பின் பீரோவைத் திறந்து, உள்ளே தொங்கும் ஈரப்பதமானியை மூக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்து, எண்ணை நோட்டில் எழுதி, பீரோவை மூடிவிடுவார்.

"எடுக்கலையா சார்?" என்று முதல் மாதத்தில் ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கு எடுக்கணும்?"

"இல்ல, கையெல்லாம் கழுவினீங்களே..."

"எடுக்க வேண்டி வந்தா கை ரெடியா இருக்கணும்லா."

செகந்திராபாத் மாரெட்பள்ளியில் அவர் வீட்டு மாடிப் பகுதியில் பதினொரு மாதமாகக் குடியிருக்கிறேன். தினமும் காலை ஆறே முக்காலுக்கு இந்தக் கை கழுவல் நடக்கும். மோட்டார் போடும் சுவிட்ச் கீழே, அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருப்பதால், அவர் முடிக்கும் வரை எனக்குத் தண்ணீர் கிடையாது. தலையில் ஷாம்பு நுரையோடு படிக்கட்டில் நின்று ஒரு மனிதரைக் கவனிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

பீரோ கல்யாணத்துக்கு வாங்கியது. பட்டுப்புடவைக்கு என்று வந்த அந்த பீரோவில் இப்போது இருப்பவர் ஹெட்விக் லண்டாவர். வியன்னாவில் பிறந்த செல்லோக் கலைஞர். செல்லோ என்பது வயலினைப் போல வில்லால் வாசிக்கும் பெரிய வாத்தியம். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள். லண்டாவரின் பெயரைச் சொல்லும்போது ஐரோப்பாவில் இன்றும் சிலர் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒலிப்பதிவுக் கூடம் என்றாலே அவருக்கு ஆகாது. கச்சேரியில் பதிவுக் கருவி எதையும் அனுமதிக்கவும் மாட்டார். ஐம்பது வருடம் வாசித்தவர் விட்டுப்போனது மொத்தம் ஒன்பது இசைத்தட்டுகள். 1991இல் இறந்துவிட்டார். அந்த ஒன்பது தட்டுகளின் எல்லாப் பதிப்புகளும், ஜெர்மனியில் வந்தது, ஜப்பானில் வந்தது, உறை கிழிந்தது, உறையே இல்லாதது என்று அத்தனையும் இந்த வீட்டில் இருக்கின்றன. புடவைகள் நாற்பது வருடமாகக் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில் இருக்கின்றன.

ஜகதீசனுக்குச் சங்கீதம் தெரியாது. அதை அவரே பெருமையாகச் சொல்வார். "ச எங்க இருக்கு ப எங்க இருக்குன்னு கேட்டா முழிப்பேன். எனக்குச் சத்தம் தெரியும்." அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து, மௌலா அலிப் பக்கம் மத்திய அரசு ஆலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். உலோகக் குழாய்க்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் ஒலியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கும் வேலை. எண்பதாம் வருடம் தெருவில் வீட்டைக் காலி செய்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் வாசலில் போட்டுவிட்டுப் போன தட்டுகளில் ஒன்றைச் சும்மா எடுத்து வந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். "ஒரு பக்கம் முழுக்கக் கேட்டேன் தம்பி. அந்தம்மா சத்தத்துல விரிசலே இல்ல. அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம்."

"பைத்தியம்னு இவுகளே ஒத்துக்கிட்டாக, கேட்டுக்கோங்க" என்றது சமையலறை.

அது வசந்தி அம்மா. கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் வீணை கற்றவர். அந்த வீட்டில் சங்கீதம் தெரிந்தது அவருக்கு. சங்கீதத்துக்கு பீரோ வைத்திருப்பது அவர் கணவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜகதீசன், செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வாணலியில் போட்டு வறுப்பார். வறுத்தால் ஈரம் போய் மறுபடி பீரோவில் வைக்கலாமாம். அதற்கென்று தனி வாணலி, தனிக் கரண்டி, தனி ஜல்லடை. "எனக்கு ரவை வறுக்க ஒரு நல்ல வாணலி இல்ல. கல்லு வறுக்க இண்டாலியத்துல ஒண்ணு இருக்கு. அதைத் தொட்டா நக்கோ நக்கோன்னு ஓடி வாராக" என்பார் வசந்தி அம்மா. நக்கோ என்றால் ஹைதராபாத் உருதுவில் வேண்டாம்; ஐம்பது வருடத்தில் ஊர் அவர்கள் தமிழில் விட்டுப்போனது இப்படிச் சில சொற்கள்தான்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டுகள், மொத்தம் பதினேழு. ஒவ்வொரு தட்டும் எப்போது ஓடியது, எந்த இடத்தில் கீறல், எந்த இடத்தில் இரைச்சல், எல்லாம் குறைப்பட்டியலாக இருக்கும். ஆலையில் ஆங்கிலத்தில் எழுதியவர் இங்கே தமிழில் எழுதுகிறார். "அங்க கவர்மெண்டுக்கு எழுதினேன். இது எனக்கு." எழுதியதில் தப்பு வந்தால் அடித்துக் கிறுக்கக் கூடாது, வெள்ளை மை பூசவே கூடாது. ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். மேலே சரியானது, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. அதற்கும் அடுத்து ஒரு கட்டம்: இரண்டாம் பரிசோதகர். ஆலையில் எந்தக் குழாயையும் ஒருவர் கையெழுத்தில் வெளியே அனுப்ப மாட்டார்கள். வீட்டில் இரண்டாம் பரிசோதகர் வசந்தி அம்மா. நாற்பத்தைந்து வருடமாக, கை வேலையை விட்டுவிட்டு வந்து, என்ன ஏது என்று படிக்காமலே, "வ" போட்டுவிட்டுப் போகிறார்.

"முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு பொய் என்ட்ரி கெடையாது தம்பி. ஒண்ணு கெடையாது."

இதை அவர் சொல்லும்போதெல்லாம் சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் சற்று ஓங்கி வைக்கப்படும். அதன் அர்த்தம் எனக்குப் பதினொரு மாதம் தெரியவில்லை.

பீரோவின் நடுத் தட்டில், தனியாக, ஒரு டேப் இருக்கிறது. ஏழு அங்குல ஸ்பூல். அதன் கழுத்தில் நூலில் கட்டிய சிவப்புச் சீட்டு. ஆலையில் குறை கண்ட சரக்கில் கட்டும் அதே சீட்டு: ஹோல்டு. கட்டியவர் அவிழ்க்கும் வரை அந்தச் சரக்கை யாரும் நகர்த்த முடியாது. இந்தச் சீட்டு 1983 பிப்ரவரியில் கட்டப்பட்டது.

அந்த மாதம் லண்டாவர் செகந்திராபாத் வந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தனியாக வாசித்தார். தலைமை தாங்கியவர் நாற்பது நிமிடம் பேசிய மைக்கை மேடையிலிருந்து எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஜகதீசன் தன் ஆலை மனமகிழ் மன்றத்தின் ஸ்பூல் ரெக்கார்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துவிட்டார். லண்டாவர் கவனிக்கவில்லையோ, களைப்பில் விட்டுவிட்டாரோ தெரியாது. ஆக, அவர் ஆட்கள் முன் வாசித்ததற்கு உலகத்தில் எஞ்சியிருக்கும் ஒரே ஒலிப்பதிவு மாரெட்பள்ளியில், வறுத்த சிலிக்காவுக்கு நடுவில் இருக்கிறது.

இதை ஹாம்பர்க்குக்குச் சொன்னது என் வாய். மதுரையில் தமிழில் படித்து, மேற்படிப்பை ஜெர்மனில் முடித்து, பன்னிரண்டு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவன் நான். கம்பெனிதான் ஒரு வருடத்துக்கு இங்கே அனுப்பியிருக்கிறது. என் நண்பர் ஒருவர் அங்கே ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்தில் இருக்கிறார். லண்டாவரின் ஒன்பது தட்டுகளையும் ஒரே பெட்டியாகக் கொண்டுவரப் போகிறார்கள். தொலைபேசியில் பேச்சுவாக்கில், எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு டேப் இருக்கிறது என்றேன். மறுமுனையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. அன்று முதல் எனக்கு நிம்மதி இல்லை. மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல். பெட்டி இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் டேப் வந்தால் பத்தாவது தட்டு. இல்லையென்றால் ஒன்பதோடு மூடிவிடுவார்கள். நான் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, திரும்புகிறேன். கையில் எடுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி.

பாக்கி என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்!

"நக்கோ தம்பி. ஹோல்டுன்னா ஹோல்டுதான்."

"சார், அந்த டேப் உதிருது. நீங்களே சொன்னீங்க."

"உதிருதுதான். ஓட்டினா ஹெட்டுல பழுப்புத் தூளு விழுது. இன்னும் ரெண்டு வாட்டி தாங்கும். மூணாவது வாட்டி பிரவுன் பவுடரை டப்பாவுல போட்டுத் தாரேன், எடுத்துட்டுப் போங்க."

"அப்ப இப்பவே குடுக்கலாமே?"

"குறையோட எப்படிக் குடுக்க?"

குறை இதுதான். அந்தக் கச்சேரியில் மெதுவான, மூன்று எண்ணிக்கையில் போகும் ஒரு பகுதி வருகிறது. ஐந்து நிமிடம் இருக்கும். அதன் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சபையில் யாரோ தாளம் போடுகிறார்கள். மர நாற்காலியின் கைப்பிடியில், மோதிர விரலால், ரூபகம். தட்டு, தட்டு, வீச்சு. கம்பீரமான அந்த வாத்தியத்தின் அடியில் டக், டக் என்று சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நம் ஊர்ச் சபையில் இது மரியாதை. வியன்னாவில் இதற்கு மண்டபத்தைவிட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். நோட்டில் குறைப்பட்டியலில் இப்படி இருக்கிறது: "தாள ஓசை. தட்டு 96. மூன்றாம் வரிசை. அடையாளம் தெரியாத நபர்."

குறையை நீக்கினால்தானே சீட்டை அவிழ்க்கலாம்? ஓய்வு பெற்ற பிறகு அமீர்பேட் போனார். ஜாவா, பைத்தான் பலகைகளுக்கு நடுவே ஒலித் தொகுப்பு சொல்லித்தரும் ஒரு அறையைக் கண்டுபிடித்து, காலை ஏழு மணி பேட்ச்சில், இருபது வயதுக்காரர்களுக்கு இடையில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், பயிற்சிக்கு என்று அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்திருக்கிறார். சொல்லிக்கொடுத்த இளைஞன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அங்கிள், யே நாய்ஸ் நை, ரிதம் ஹை. கைக்கு நிகால்தே?" என்றானாம். இது இரைச்சல் இல்லை, தாளம்; எதற்கு எடுக்கிறீர்கள் என்று! அன்றோடு அந்த வகுப்புக்கு முழுக்கு. "அரைவேக்காட்டுப் பய" என்றார் என்னிடம். பிறகு வீட்டிலேயே நான்கு வருடம், தொண்ணூற்றாறு தட்டையும் கணினியில் ஒவ்வொன்றாகச் சுரண்டினார். பதின்மூன்று பிரதிகள் ஆயின. பதின்மூன்றாவதை எனக்குப் போட்டுக் காட்டினார். தட்டு போயிருந்தது. தட்டு இருந்த இடத்தில் எல்லாம் லண்டாவரின் ஸ்வரமும் கொஞ்சம் கொஞ்சம் போயிருந்தது. கொறித்த பிஸ்கட் போல இருந்தது.

அதை அனுப்பிப் பார்த்தோம். ஹாம்பர்க்கிலிருந்து ஒரே வரியில் பதில்: கைபடாத மூல டேப்பே வேண்டும். கூடவே ஒரு படிவம். பதினான்கு கேள்விகள். டேப்பின் அகலம், வேகம், எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று பதின்மூன்று கேள்விகளுக்கு ஜகதீசன் ஒரே மாலையில், அவர்கள் கேட்டதைவிட நான்கு மடங்கு பதில் எழுதினார். பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. பதிவில் கேட்கும் மற்றவர்கள் யார்? தெரிந்தவரை பெயர் குறிப்பிடவும், அவர்கள் சம்மதத்தை இணைக்கவும்.

ஆறு நாள் நின்றது.

ஏழாம் நாள் வியாழக்கிழமை. சனிக்கிழமை விமானம். பெட்டி கட்டவில்லை, வீட்டுக்காரரிடம் முன்பணம் பற்றிப் பேசவில்லை, ஹாம்பர்க் நண்பர் காலையிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார். கீழே போய்ச் சற்றுக் குரலை உயர்த்தியே சொன்னேன்.

"சார், தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதுங்க. அவ்வளவுதான். நோட்டுல அப்படித்தானே இருக்கு?"

அவர் படிவத்தின் மூலையை நீவிக்கொண்டிருந்தார்.

"சுரண்டாத பதிவை நான் கேட்டதே இல்ல. போடச் சொன்னா நீங்க பேச்சை மாத்திடுறீங்க. ஒரு தடவை கேட்டா, யாராவது பேசுறாங்களான்னாவது..."

"ஓட்டினா தேயும்."

"கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கீங்களே சார்! முதல் பிரதி, சுரண்டாதது! அது தேயுமா?"

அப்போது சமையலறையிலிருந்து வசந்தி அம்மா வெளியே வந்தார். கையில் வெண்டைக்காய்ப் பிசுக்கு. கணினிக்கு முன்னால் போய் நின்று, ஜகதீசனைப் பார்த்து, "எந்திரிங்க" என்றார். அவர் எழுந்தார். அம்மா புறங்கையால் மௌஸை நகர்த்தி, இரண்டே தட்டில் கோப்பைத் திறந்தார். இந்த வீட்டில் யாருக்கு என்ன தெரியும் என்பதில் நான் பதினொரு மாதமும் ஏமாந்திருக்கிறேன்.

செல்லோ ஆரம்பித்தது. மெதுவாக, ஆழமாக. அதன் அடியில் டக், டக். மூன்றாவது எண்ணிக்கையில், வீச்சின் இடத்தில், இதுவரை யாரும் எனக்குச் சொல்லாத இன்னொரு சத்தம் இருந்தது. கண்ணாடி வளையல் குலுங்கும் சத்தம். டக், டக், கிலிங். டக், டக், கிலிங்.

"இது... ஒரு லேடி" என்றேன்.

"ஹவ், ஆமா. லேடிதான்" என்றார் வசந்தி அம்மா. "அன்னைக்குப் புது வளையல். பச்சை. ஒரு டஜன், சார்மினார்ல வாங்கினது."

ஜகதீசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, நீங்களா?"

"பின்ன? மூணாவது வரிசையில என்னைத் தவிர ரூபகம் தெரிஞ்சவ யாரு இருந்தா? எல்லாம் இவுக ஆலை ஆபீசருங்க, பாதிப் பேரு தூங்கியாச்சு. கை தானா போயிட்டு தம்பி. அந்தம்மா அப்படி வாசிக்கா. வேணும்னு போடல."

"சார், நோட்டுல அடையாளம் தெரியாத நபர்னு..."

"நபர்தானே" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

"முப்பத்தி நாலு வருசத்துல ஒரு பொய் என்ட்ரி இல்லியாம்" என்றார் அம்மா. "அது ஆலையில. வீட்டுல முத நோட்டுலயே இருக்கு."

"உன் பேரை எழுதச் சொல்லுதியா?" ஜகதீசன் சட்டென்று திரும்பினார். "எழுதலாம். எழுதினா என்ன ஆகும்? அந்தம்மா உன்னைத் திட்டினது அதுல இருக்குல்லா? அதையும் சேத்து அவனுவ பெட்டி போட்டு விப்பானுவ. ஜெர்மன்காரன் பூரா கேப்பான். யாரைத் திட்டுதான்னா, இந்தா பாரு, ஜகதீசன் பொண்டாட்டியை, பேரு போட்டிருக்கு! தேவையா?"

திட்டினாரா? நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "ஆமா தம்பி. அந்தப் பாட்டு முடிஞ்ச உடனே இந்தப் பக்கம் திரும்பி அவ பாஷையில சுருக்குன்னு ஏதோ சொன்னா. எனக்கு எங்க தெரியும்? வீட்டுக்கு வார வழியில, ஸ்கூட்டர்ல, இவுகதான் சொன்னாக, உன்னைத்தான் திட்டிட்டான்னு."

இப்போது எனக்கு ஒன்று விளங்கியது. போன நவராத்திரிக்குத் தெருமுனைக் கோயிலில் ஒரு கச்சேரி. வசந்தி அம்மா முன்வரிசையில் இருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். குளிருகிறதோ என்று நினைத்தேன். அக்டோபரில் ஹைதராபாத்தில் குளிருமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"அந்த இடத்தைப் போடுங்க" என்றேன்.

"வேண்டாம்" என்றார் ஜகதீசன்.

"போடுதேன்" என்றார் அம்மா. "இந்தப் பிள்ளைக்கு அந்த பாஷை தெரியும்லா. பதினோரு மாசமா மேல இருக்கு. நீங்க வாயைத் திறந்து ஒரு நாளு கேட்டியளா? திட்டினா என்ன திட்டினான்னாவது தெரிஞ்சுட்டுப் போகட்டும். கழுதைன்னாளா, எருமைன்னாளா?"

பகுதி முடிந்தது. ஒருவர் இருமினார். இரண்டு நொடி. பிறகு ஒரு பெண் குரல், தாழ்ந்த, சிடுசிடுத்த குரல், வியன்னாக்காரர்களின் இழுப்போடு, ஏழெட்டுச் சொற்கள். பிறகு மரத்தில் மரம் உரசும் ஒரு கிறீச்.

இரண்டாம் முறை போடச் சொன்னேன். அவசரத்துக்குத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். மூன்றாம் முறையும் கேட்டேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"என்ன தம்பி?"

"'இந்தப் பாழாய்ப்போன பிருடை இன்னைக்கும் நிக்க மாட்டேங்குது'ன்னு சொல்றாங்கம்மா."

"பிருடையா?"

"கம்பி இறங்கியிருக்கு. காத்துல ஈரம் இல்லாததால பிருடை வழுக்கியிருக்கு. அந்தக் கிறீச் சத்தம், அவங்க அதை முறுக்குறதுதான்."

வீணை வாசித்தவருக்கு, கம்பியை முறுக்கி நிறுத்தும் பிருடையை விளக்க வேண்டியதில்லை. வசந்தி அம்மா நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப அவ என்னைக் கேக்கவே இல்லியா?"

நான் பதிவை நிறுத்தினேன்.

"தொண்ணூத்தாறு தட்டு போட்டிருக்கேன். அவளுக்குக் காதுலயே விழல." கையில் இருந்த வெண்டைக்காய்ப் பிசுக்கைப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். அந்தப் பார்வை என்னைத் தாண்டிப் போனது. "ஏங்க. உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?"

ஜகதீசன் மேசையில் இருந்த ஸ்டீல் ஸ்கேலை நேராக்கினார்.

"கேக்கேன்ல. தெரியுமா, தெரியாதா?"

"டோன் அப்படி இருந்துது."

"டோனு! குழாய்ல ஒரு மயிரிழை விரிசலுக்கு மூணு வாட்டி டெஸ்ட் பண்ணுவியளே, இன்னொருத்தருகிட்ட கையெழுத்து வாங்குவியளே! பொண்டாட்டியைத் திட்டிட்டான்னு சொல்லதுக்கு மட்டும் டோனு போதுமா? நாப்பத்திரெண்டு வருசம் கைமேல உக்காந்திருக்கேன். எத்தனை கச்சேரி? எவ்வளவு நல்ல நல்ல தனி ஆவர்த்தனம்? கை மரத்துப்போயி மோர்சிங் கேட்டிருக்கேன்!"

"நான் உனக்காகத்தானே வசந்தி ஹோல்டு போட்டேன்..."

"எனக்குப் போட்டியளா, டேப்புக்குப் போட்டியளா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு அந்த அறையில் நான் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் படிவம் என் கையில் இருந்தது. சனிக்கிழமை இரண்டு நாளில் இருந்தது. வெட்கத்தைவிட்டு நின்றேன். ஹாம்பர்க் நண்பர் நான்காம் முறையாக அழைத்தார். பாக்கெட்டுக்குள்ளேயே அணைத்தேன்.

ஜகதீசன் பின்கட்டுக்குப் போனார். குழாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. வேட்டித் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தார். கையுறை போட்டார். பீரோவைத் திறந்து டேப்பை எடுத்தார். பதினொரு மாதத்தில் அவர் அதை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேசையில் வைத்து, சிவப்புச் சீட்டின் முடிச்சை விரல் நுனியால் நெம்பினார். நாற்பத்திரண்டு வருட முடிச்சு, கையுறையோடு அவிழவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அவிழ்த்தார்.

"ஏர்போர்ட்ல எக்ஸ்ரேல காட்டலாமா சார்?" என்றேன். அந்த நேரத்தில் கேட்கக்கூடிய கேள்வியா! பயம் கேட்டுவிட்டது.

"எக்ஸ்ரே ஒண்ணும் செய்யாது" என்றார், என்னைப் பார்க்காமல். "ஸ்பீக்கர் பக்கத்துல மட்டும் வச்சிராதிய."

முதல் நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, "அடையாளம் தெரியாத நபர்" மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். பழைய எழுத்து கோட்டுக்கு அடியில் தெளிவாகப் படிக்கும்படி இருந்தது. மேலே எழுதினார்: வசந்தி ஜகதீசன். சுருக்கொப்பம். தேதி. அடுத்த வரியில் நான் இதுவரை கவனிக்காத ஒரு குறை இருந்தது: "கலைஞர் கண்டித்தார்." அதன் மேலும் ஒரு கோடு. மேலே எழுதினார்: பிருடை. சுருக்கொப்பம். தேதி. படிவத்தின் பதினான்காவது கேள்விக்கு நேராகவும் அதே பெயரை எழுதினார், பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில், எழுத்து எழுத்தாக.

இரண்டையும் வசந்தி அம்மா பக்கம் திருப்பி வைத்தார். இரண்டாம் பரிசோதகர் கட்டத்தின் மேல் விரலை வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

வசந்தி அம்மா பேனாவை வாங்கவில்லை. நோட்டை இழுத்து, முதல் முறையாக, வரி வரியாகப் படித்தார். தொண்ணூற்றாறு என்ற எண்ணின் மேல் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு எழுந்தார்.

"இருங்க. கை கழுவிட்டு வாரேன்."

பின்கட்டில் குழாய் திறந்தது. மூடியது. ஜகதீசன் பேனாவை நீட்டியபடியே நின்றார். குழாய் மறுபடியும் திறந்தது. மூடியது. அவர் கை இறங்கவில்லை. மூன்றாவது முறையாகக் குழாய் திறந்தது.

இந்த முறை அது வெகுநேரம் ஓடியது.